வகுப்பறைச் சுவரில் பத்துக் கற்பனை: சபைக் காணிக்கையில் போஸ்டர் வாங்கிக் கொடுக்கலாமா?

நாசரேத்_தம்பி | 6 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டல்லாசுக்கு வடக்கே ஒரு புறநகர்ல பதினோரு வருஷமா இருக்கேன். எங்க தமிழ் ஐக்கியத்துக்கு நான்தான் பொருளாளர். அதனாலதான் இந்தத் தலைவலி என் தலையில வந்து விழுந்திருக்கு.

டெக்சாஸ்ல செனட் பில் 10-ன்னு ஒரு சட்டம். ஜூன் 21-ம் தேதி ஆளுநர் ஆபட் கையெழுத்துப் போட்டார், செப்டம்பர் 1-லேர்ந்து அமல். அரசுப் பள்ளியில ஒவ்வொரு வகுப்பறையிலயும் பத்துக் கற்பனை மாட்டணும். குறைஞ்சது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். சாதாரணக் கண்பார்வை உள்ளவங்க வகுப்புல எந்த மூலையில நின்னாலும் படிக்க முடியணும். பள்ளிக்கூடம் காசு போட்டு வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா யாராவது சட்டத்துல சொன்ன மாதிரி அச்சடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தா வாங்கி மாட்டியே ஆகணும். சான் அன்டோனியோவுல ஃபெடரல் நீதிபதி ஃப்ரெட் பியரி ஆகஸ்ட் 20-ல தடை போட்டார், ஆனா அது வழக்குல பேர் இருக்கிற 11 பள்ளி மாவட்டத்துக்கு மட்டும்தான். எங்க மாவட்டம் அதுல இல்ல.

இப்போ ஐக்கியத்துல நாலஞ்சு பேர், "காணிக்கையில ஒரு பங்கு ஒதுக்கி நம்ம பிள்ளைங்க படிக்கிற எலிமெண்டரி ஸ்கூலுக்கு போஸ்டர் அடிச்சுக் கொடுப்போம், நல்ல சாட்சியா இருக்கும்"கிறாங்க. 20-ம் தேதி சனிக்கிழமை கமிட்டி. செக் எழுதற கை என்னோடது.

கற்பனைகளோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத், அதுதான் எங்க ஊர். அங்கே கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துச் சுவர்லயே எழுதியிருக்கும். பிரசங்கம் நீண்டுபோனா அதை எழுத்துக்கூட்டி வாசிச்சுத்தான் நான் தமிழ் படிச்சேன். ஆனா அப்பாவுக்கு மாற்றலாகி விருதுநகர்ப் பக்கம் மூணு வருஷம் அரசுப் பள்ளியில படிச்சேன். ஆயுதபூஜை அன்னைக்கு வகுப்புல சரஸ்வதி படம், சூடம், பொரி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல, திட்டல. டீச்சர் சிரிச்ச முகமாத்தான் பொரியை நீட்டினாங்க. வாங்கிப் பையில போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து, வழியில காக்காய்க்குப் போட்டேன். வகுப்புல நாப்பது பேர்ல நான் ஒருத்தன்தான் அப்படின்னு அன்னைக்குப் பூரா தோணிக்கிட்டே இருந்துச்சு. என் பொண்ணு வகுப்புல இப்போ ஆறு பிள்ளைங்க தெலுங்கு, குஜராத்தி வீட்டுப் பிள்ளைங்க.

இன்னொண்ணு. பொண்ணு மூணாவது படிக்கிறா. டிவியில இந்தச் செய்தி ஓடறப்போ, "அப்பா, அடல்ட்ரின்னா அடல்ட் ஆகிறதா?"ன்னு கேட்டா. ஆமாம்மா, கிட்டத்தட்டன்னேன்.

சொல்லுங்க. என்ன செய்யலாம்?

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 6 செப்டம்பர்

பிரைஸ் த லார்ட் பிரதர். இதுல யோசிக்க என்ன இருக்கு?

என் பையன் கிண்டர்கார்டன்லயே துப்பாக்கிக்காரன் வந்தா எப்படி மேஜைக்கு அடியில ஒளியணும்னு ட்ரில் செஞ்சான். அஞ்சு வயசு. விளக்கை அணைச்சு, கதவைப் பூட்டி, மூச்சுக் காட்டாம இருக்கணும். அப்படிப்பட்ட சுவர்ல "கொலை செய்யாதிருப்பாயாக"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

காலப் கணக்கெடுப்புல 1999-ல இந்த நாட்டுல 70 சதவீதம் பேர் ஏதோ ஒரு சபையிலயோ கோயில்லயோ உறுப்பினரா இருந்தாங்க. 2020-ல அது 47. பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் தடவை. வீட்டுல சொல்லித்தர ஆள் இல்ல. "உன் வீட்டு நிலைகளிலும், உன் வாசல்களிலும் எழுதுவாயாக"ன்னு உபாகமம் 6-ல இருக்கு. உச்ச நீதிமன்ற அறைச் சுவர்லயே மோசே கற்பலகையோட நிக்கிறார். அங்கே நிக்கலாம், மூணாங்கிளாஸ்ல நிக்கக்கூடாதா?

வழக்கு போட்டவங்க எல்லாரும் கடவுளே இல்லங்கிற கூட்டம். அவங்களுக்காக நாம ஏன் வெக்கப்படணும்? செக் எழுதுங்க பிரதர்.

---

கரிசல்காட்டான் | 6 செப்டம்பர்

நான் கிறிஸ்தவன் இல்ல, கோவில்பட்டிக்காரன், நியூஜெர்சி. ரொம்ப நாளா ஒரு சந்தேகம்: கற்பனைன்னா மனசுல நினைச்சுப் பார்க்கிறதுதானே? பத்துக் கற்பனைன்னா கடவுள் பத்து விஷயத்தைக் கற்பனை பண்ணினாரா?

---

பழைய_லுத்தரன் | 6 செப்டம்பர்

கற்பித்தல், கற்பனை. பழைய தமிழில் கட்டளையிட்டுச் சொன்னது என்று பொருள். கத்தோலிக்கர் "கட்டளைகள்" என்று மாற்றிவிட்டார்கள். நாங்கள் மாற்றவில்லை, பிடிவாதம்.

பிரிஸ்கா சகோதரி, வழக்குத் தொடுத்தவர்கள் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எட்டாவது கற்பனை ஞாபகம் இருக்கட்டும்.

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 7 செப்டம்பர்

எட்டாவது கற்பனையா? நான் யார் வீட்டுல என்ன திருடினேன்? வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசறேன். காணிக்கைப் பணத்தைத் தொட்டுப் பேசினதுக்குத் திருட்டுப் பட்டமா? மட்டுறுத்துநர் இதைப் பார்க்கணும்.

---

கரிசல்காட்டான் | 7 செப்டம்பர்

ஆஹா, சண்டை களைகட்டுது. நான் பொரியோட உக்காந்திருக்கேன்.

---

மட்டுறுத்துநர் | 7 செப்டம்பர்

தனிநபர் குற்றச்சாட்டு வேண்டாம். லுத்தரன் ஐயா, விளக்கம் கொடுங்க.

---

பழைய_லுத்தரன் | 7 செப்டம்பர்

அடடா. தப்பு என்மேல்தான், மன்னிக்கவும். நான் தரங்கம்பாடி லுத்தரன் சபைக்காரன். எங்கள் ஞானோபதேசத்தில் (சபையின் கேள்வி-பதில் பாடப் புத்தகம்) எட்டாவது, "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக". உங்கள் கணக்கில் எட்டாவது, "களவு செய்யாதிருப்பாயாக". சகோதரியைத் திருடி என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

கதை இதுதான். மூல எபிரெயத்தில் "பத்து வார்த்தைகள்" என்று இருக்கிறதே தவிர, ஒன்று, இரண்டு என்று எண் போடவில்லை. எங்கே வெட்டுவது என்பது ஒவ்வொருவர் இஷ்டம். விக்கிரகம் செய்யாதே என்பதை நாங்களும் கத்தோலிக்கரும் முதல் கற்பனைக்குள் அடக்கிவிடுவோம். எண்ணிக்கை ஒன்று குறையும். அதைச் சரிக்கட்ட, இச்சியாதிருப்பாயாக என்பதைக் கடைசியில் இரண்டாக வெட்டுவோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே எல்லாரும் விக்கிரகத்தைத் தனி இரண்டாவதாக வைத்து, இச்சையை ஒன்றாக்குவார்கள். யூதர்கள் கணக்கு இரண்டும் இல்லை. "உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின கர்த்தர் நானே" என்ற அறிவிப்பே அவர்களுக்கு முதல் வார்த்தை.

சட்டத்தில் வரும் வாசகத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். பதினொன்று வரும். விக்கிரகத்தையும் தனியாக வைத்து, இச்சையையும் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் வந்த வினை.

நான் மினசோட்டாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டேன், அதனால் இந்தக் கதை தெரியும். இங்கே செயின்ட் க்ளவுடில் ரூகமர் என்று ஒரு சிறார் நீதிபதி. 1940-களில் அவர் முன்னால் வந்த பையன்களுக்குப் பத்துக் கற்பனை என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று வருத்தப்பட்டு, ஈகிள்ஸ் என்ற சங்கத்தைப் பிடித்து அச்சிட்ட பிரதிகளை ஊருக்கு ஊர் அனுப்பினார். யூதர், புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர் மூவருக்கும் பொதுவாக ஒரு வாசகம் தயாரித்தார்கள். அப்புறம் சினிமாக்காரர் செசில் டிமில், மோசே படம் எடுக்கிற சமயத்தில், இதோடு சேர்ந்துகொண்டார். காகிதம் கல்லாயிற்று. அமெரிக்காவில் நகர மன்றத்து வாசலில் எல்லாம் நிற்கிற கிரானைட் கற்பலகைகளில் பல அப்படி வந்தவை. டெக்சாஸ் சட்டமன்ற வளாகத்தில் 1961-ல் நட்டது அதில் ஒன்று. அந்த வாசகம்தான் இப்போது, இதே மாதிரிச் சட்டம் போட்ட லூசியானாவுக்கும் உங்கள் வகுப்பறைக்கும் வந்திருக்கிறது.

வழக்கு போட்டவர்களைப் பற்றி: லூசியானா வழக்கில் கிறிஸ்தவப் போதகர்களே இருக்கிறார்கள். டெக்சாஸ் வழக்கில் ஒரு யூத ரப்பி, கிறிஸ்தவக் குடும்பங்கள், இந்துக் குடும்பம் எல்லாம் உண்டு. இதைச் சொல்லத்தான் எட்டாவதை இழுத்தேன்.

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 7 செப்டம்பர்

சரி ஐயா, மனசுல வெச்சுக்கல. "எல்லாரும்"னு எழுதினது என் தப்பு. ஆனா கேள்வி அப்படியேதான் இருக்கு. ரூகமர் சொன்னது நியாயமா இல்லையா?

---

வக்கீல்_குமாஸ்தா | 8 செப்டம்பர்

நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீசுல பேப்பர் புரட்டுறவன். சட்டப் பக்கம் மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

இது புதுச் சட்டமே இல்ல. கெண்டக்கியில 1978-ல இதையே போட்டாங்க. அளவு 16-க்கு 20 அங்குலம். அட, அதே அளவு. காசு? தனியார் நன்கொடை. அதே ஏற்பாடு. கீழே பொடி எழுத்துல "இது மேலைநாட்டுச் சட்டத்துக்கு அடிப்படை"ன்னு ஒரு குறிப்பு வேற. 1980-ல உச்ச நீதிமன்றம் ஸ்டோன் எதிர் கிரஹாம் வழக்குல அந்தச் சட்டம் செல்லாதுன்னு 5-4-ல சொல்லிடுச்சு. களவு, கொலை சரி, ஓய்வுநாளும் விக்கிரகமும் எந்த நாட்டுச் சட்டம்னு கேட்டாங்க.

2005-ல ஒரே நாள்ல ரெண்டு தீர்ப்பு. டெக்சாஸ் வளாகத்துல நிக்கிற கல் இருக்கலாம், கெண்டக்கி கோர்ட்டுக்குள்ள மாட்டினதை எடுக்கணும். ரெண்டும் 5-4. சிரிக்காதீங்க. நாப்பது வருஷமா எதிர்ப்பு இல்லாம நின்ன கல் வேற, இப்போ புதுசா உள்நோக்கத்தோட மாட்டுறது வேறங்கிறது நடுவுல இருந்த நீதிபதி பிரேயரோட எண்ணம்.

அப்புறம் 2022-ல பிரெமர்ட்டன் வழக்கு. கால்பந்து மைதானத்து நடுவுல முழங்கால் போட்டு ஜெபிச்ச பயிற்சியாளர் ஜெயிச்சார். பழைய அளவுகோலை வீசிட்டு "வரலாறும் வழக்கமும் என்ன சொல்லுது"ன்னு பார்க்கணும்னாங்க. அந்தக் கதவு திறந்ததாலதான் லூசியானா, ஆர்கன்சா, டெக்சாஸ்னு வரிசையா சட்டம். லூசியானா சட்டம் செல்லாதுன்னு ஐந்தாவது சர்க்யூட்ல (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) மூணு நீதிபதிகள் இந்த ஜூன் 20-ல சொன்னாங்க. மறுநாளே ஆபட் டெக்சாஸ்ல கையெழுத்துப் போட்டார். டெக்சாசும் அதே சர்க்யூட்டுக்குள்ளதான் வருது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகணும்னுதான் எல்லாம் நடக்குது.

மோசே விஷயம்: அந்தச் சுவர்ல அவர் தனியா இல்ல சிஸ்டர். அதே வரிசையில ஹமுராபி, சாலொமோன், கன்பூசியஸ். எதிர்ச் சுவர்ல முகமது நபி. சட்டம் கொடுத்தவங்க ஊர்வலம் அது.

---

மேரி_பிலடெல்பியா | 8 செப்டம்பர்

ஆண்டவரின் பெயரால் வணக்கம். நான் கத்தோலிக்கப் பொண்ணு, சொந்த ஊர் தூத்துக்குடி. "யாருக்கு என்ன நஷ்டம்"னு பிரிஸ்கா கேட்டாங்கல்ல, எங்க ஊரு நஷ்டத்தைச் சொல்றேன்.

இங்கே பழைய நகரத்துல புனித அகுஸ்தீனார் ஆலயம் இருக்கு. இப்போ நிக்கிறது ரெண்டாவது கட்டடம். முதல் கட்டடத்தை 1844 மே மாசம் எரிச்சாங்க. எரிச்சது நாத்திகர் இல்ல, ஞாயிற்றுக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற கிறிஸ்தவங்க. காரணம் பள்ளிக்கூடத்துல பைபிள்.

அப்போ அரசுப் பள்ளியில தினமும் கிங் ஜேம்ஸ் பைபிள் வாசிப்பாங்க. அயர்லாந்துல இருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைங்களும் அதைத்தான் வாசிக்கணும். 1842-ல ஆயர் கென்ரிக், "எங்க பிள்ளைங்க எங்க டூவே பைபிளை வாசிக்கட்டுமே"ன்னு மரியாதையாக் கேட்டு எழுதினார். அவ்வளவுதான் கேட்டது. "பைபிளைப் பள்ளிக்கூடத்துல இருந்து தூக்கப் பார்க்கிறான் போப்பு"ன்னு ஊரெல்லாம் கிளப்பிவிட்டுட்டாங்க. கென்சிங்டன்ல கலவரம். புனித மிக்கேல் ஆலயம், அகுஸ்தீனார் ஆலயம் ரெண்டும் சாம்பல். அங்கே இருந்த நூலகமும் போச்சு. ஜூலையில சவுத்வார்க்ல மறுபடியும், இந்தத் தடவை பீரங்கியே வந்துச்சு. எத்தனையோ பேர் செத்தாங்க.

அதுக்கப்புறம் "உங்க பள்ளிக்கூடமே வேண்டாம்"னு கத்தோலிக்கர் தனியா பள்ளி கட்ட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு உங்க பிள்ளைங்களை சேர்க்க நீங்க வரிசையில நிக்கிற பங்குப் பள்ளிக்கூடங்களோட பிறப்பு இப்படித்தான்.

போஸ்டர்ல இருக்கிறதும் கிங் ஜேம்ஸ் நடைதான். எந்த பைபிள், எந்த எண், எந்த மொழிபெயர்ப்புன்னு அரசாங்கம் முடிவு பண்ணும்போது ஏதோ ஒரு சபைக்காரன் வெளியே நிக்க வேண்டி வரும். இன்னைக்கு நீங்க உள்ளே நிக்கிறீங்க, சந்தோஷம்.

---

கரிசல்காட்டான் | 9 செப்டம்பர்

தம்பி பொரி கதை சொன்னார். நான் தலைகீழ்க் கதை சொல்றேன்.

பாளையங்கோட்டையில மிஷன் பள்ளிக்கூடத்துல ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரை. கிறிஸ்தவப் பசங்களுக்கு வேதபாடம், எங்களுக்கு நீதிபோதனை. காலை ஜெபம் எல்லாருக்கும். பரமண்டல ஜெபம் எனக்கு இன்னைக்கும் தலைகீழாத் தெரியும். எங்கம்மா ஒரு நாளும் அதுக்கு வருத்தப்பட்டதில்ல. "நல்ல வார்த்தைதானேடா"ன்னு சொல்லும். வாத்தியாருங்க என்னை மதம் மாத்தப் பார்க்கல, கணக்குதான் சொல்லிக்கொடுத்தாங்க. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்து மேல ஒரு குறையும் இல்ல.

ஆனா ஒண்ணு கவனிங்க. அது மிஷன் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சு எங்கப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசல்லயே சிலுவை இருந்துச்சு. ஒளிவுமறைவு இல்ல. அரசுப் பள்ளிக்கூடம் அப்படியா? அதுக்கு நான் வரி கட்டறேன்.

எனக்கு இந்த போஸ்டரைப் பார்த்து பயமெல்லாம் இல்ல. பிள்ளைங்க எந்த போஸ்டரைப் படிச்சிருக்கு? கைகழுவச் சொல்லி எத்தனை போஸ்டர். இங்க நான் கேக்கறது வேற: தமிழ்நாட்டுல அரசுப் பள்ளியில பகவத்கீதை சுலோகம் மாட்டணும்னு ஒரு சட்டம் வந்தா உங்க ஐக்கியத்துல என்ன ஜெபம் பண்ணுவீங்க?

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 9 செப்டம்பர்

அண்ணா, நல்ல கேள்வி, சுருக்குன்னு இருந்துச்சு. எதிர்த்து ஜெபம் பண்ணுவோம். ஒத்துக்கறேன். ஆனா சத்தியமும் சத்தியம் இல்லாததும் ஒரே தராசுல நிக்குமா? அதுதான் என் விசுவாசம். அதை மறைச்சு வெச்சு உங்ககிட்டப் பேசினா அது பொய். (எட்டாவது, ஒன்பதாவது, எந்தக் கணக்குல வேணா வெச்சுக்கோங்க.)

---

நாசரேத்_தம்பி | 12 செப்டம்பர்

ரெண்டு நாளா ஒரு விஷயம் மனசுல அரிக்குது. சட்டத்துல இருக்கிற வாசகத்தை அச்சடிச்சு, பக்கத்துல தமிழ் பைபிள்ல யாத்திராகமம் 20-ஐத் திறந்து வெச்சு வரி வரியாப் பார்த்தேன்.

போஸ்டர் ஆரம்பம்: "நானே உன் தேவனாகிய கர்த்தர்." அடுத்து நேரா, வேறே தேவர்கள் வேண்டாம்.

பைபிள்ல: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே."

எகிப்து காணோம். அடிமைத்தன வீடு காணோம். யூதர்களுக்கு அதுதான் முதல் வார்த்தைன்னு லுத்தரன் ஐயா சொன்னார். அந்த வார்த்தையையே பாதிக்கு மேல வெட்டியாச்சு.

ஓய்வுநாள் பாருங்க. போஸ்டர்ல ஒரு வரி, ஓய்வுநாளைப் பரிசுத்தமா ஆசரி, முடிஞ்சது. பைபிள்ல அது யார் யாருக்கு ஓய்வுன்னு பட்டியல் போடுது: "நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும், உன் மிருகஜீவனானாலும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும்." மாட்டுக்குக்கூட லீவு இருக்கு. அந்நியனுக்கும் இருக்கு. போஸ்டர்ல ரெண்டும் இல்ல.

வேலைக்காரன், வேலைக்காரி, மாடு எல்லாம் கடைசி வரியில மட்டும் வருது. பிறனுக்குச் சொந்தமானதை இச்சிக்காதேங்கிற இடத்துல. அதாவது ஓய்வெடுக்கிற ஆளா இல்ல, சொத்தா.

கடவுள் விடுதலை பண்ணிட்டு அப்புறம் கட்டளை கொடுத்தார்னுதானே ஞாயிறு பள்ளியில படிச்சோம்? விடுதலையை வெட்டிட்டு கட்டளையை மட்டும் மாட்டினா, மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு அது இன்னொரு ஹெட்மாஸ்டர் நோட்டீஸ்தானே? யார் வெட்டினாங்களோ, எனக்குக் கோவமா வருது.

---

பழைய_லுத்தரன் | 12 செப்டம்பர்

தம்பி, நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் கோபப்படுமுன் ஒரு நிமிஷம். வெட்டியவர் யார் என்று நான் சொல்கிறேன். எங்கள் ஆள்தான்.

1529-ல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை எடுங்கள். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்." எகிப்து இல்லை. கத்தோலிக்கர் மனப்பாடம் செய்யும் வாய்பாட்டிலும் இல்லை. உங்கள் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், 1662, திருவிருந்து ஆராதனையில் கற்பனை வாசிக்கிற இடத்தில் இல்லை. சிறுவர்களுக்கான கேள்வி-பதிலில் மட்டும் இருக்கிறது. நாசரேத்தில் உங்கள் கோயில் சுவரில் இருந்ததா? ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

லூத்தர் காரணத்தோடுதான் வெட்டினார். எகிப்திலிருந்து கர்த்தர் கூட்டிவந்தது யூதர்களை, ஜெர்மானியரை அல்ல. ஆகவே மோசே கொடுத்த சட்டம், சட்டம் என்ற வகையில் நம்மைக் கட்டாது. எல்லா மனிதர் நெஞ்சிலும் இயல்பாக எழுதியிருக்கிறதோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் நமக்கு மோசே. இது அவர் வாதம். ஆக, கற்பனையை நாட்டுச் சட்டத்தின் அஸ்திவாரமாக மாட்டுகிறவர்கள் லூத்தரிடம் சிபாரிசுக்குப் போனால் கிழவர் செருப்பைக் கழற்றுவார்.

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 12 செப்டம்பர்

பார்த்தீங்களா! ஐந்நூறு வருஷமா எல்லாச் சபையும் சுருக்கித்தான் படிச்சிருக்கு. போஸ்டர்காரன் மேல மட்டும் பழி போட்டா எப்படி? இடம் பத்தாது, சுருக்கினான். அவ்வளவுதான்.

---

கரிசல்காட்டான் | 13 செப்டம்பர்

இடம் பத்தாம சுருக்கறது ஒண்ணு. வேணும்னே சுருக்கினதும் இருக்கு. வாஷிங்டன் பைபிள் மியூசியத்துக்கு ஒரு கிறிஸ்தவ நண்பரோட போயிருந்தேன். 1807-ல லண்டன்ல அச்சிட்ட ஒரு பைபிளை வெச்சிருந்தாங்க. கரும்புத் தோட்ட அடிமைகளுக்குன்னே தயாரிச்சது. எகிப்துல இருந்து ஜனங்க தப்பிச்சு வர்ற கதை அதுல இல்ல. எஜமானுக்குக் கீழ்ப்படின்னு பவுல் எழுதினது இருக்கு. அந்தப் பிரதி நாஷ்வில்ல ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தோடது, கறுப்பின மக்களோட பழைய பல்கலைக்கழகம். நண்பர் ரொம்ப நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிகிட்டயே நின்னார், நான் காபி வாங்கப் போயிட்டேன்.

போஸ்டரையும் அதையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. பிரிஸ்கா தங்கச்சி அடிக்க வந்துடாதீங்க.

---

நாசரேத்_தம்பி | 14 செப்டம்பர்

ஊருக்குப் போன் போட்டேன். சித்தப்பா கோயிலுக்கே நடந்துபோய் போட்டோ எடுத்து அனுப்பினார். எகிப்து இல்ல.

இருபது வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு நாளும் தோணல. அங்கே நான் யார் வாசல்லயும் அந்நியன் இல்லல்ல. எங்க தாத்தா கட்ட உதவின கோயில்.

---

வக்கீல்_குமாஸ்தா | 15 செப்டம்பர்

இந்தச் "சுவர்" பேச்சுக்கு ஒரு இடைச்செருகல். சபைக்கும் அரசுக்கும் நடுவுல சுவர் வேணும்னு முதல்ல கேட்டது நாத்திகர் இல்ல, பாப்டிஸ்டுகள். அமெரிக்காவுல முதல் பாப்டிஸ்டு சபையை ஆரம்பிச்ச ரோஜர் வில்லியம்ஸ் 1644-லயே, சபைங்கிற தோட்டத்துக்கும் உலகம்கிற காட்டுக்கும் நடுவுல வேலி வேணும்னார், காடு தோட்டத்துக்குள்ள புகுந்துடும்னு. அதிபர் ஜெஃபர்சன் 1802-ல "சுவர்"ங்கிற அந்த வார்த்தையை எழுதினதும் டான்பரி பாப்டிஸ்டுகளுக்குப் பதில் கடிதமாத்தான்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கு வந்த கதை. 1940-ல யெகோவா சாட்சிப் பிள்ளைங்க கொடிக்கு வணக்கம் வைக்கலன்னு பள்ளியை விட்டு விலக்கினது சரின்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. உடனே பல ஊர்ல சாட்சிகளை அடிச்சாங்க. மூணே வருஷத்துல, 1943-ல, போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, பார்னெட் வழக்குல கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மாத்திக்கிச்சு. நாப்பது வருஷம் கழிச்சுக் கேரளாவுல மூணு யெகோவா சாட்சிப் பிள்ளைங்க. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்னாங்க, பாடல. 1985-ல வெளியே அனுப்பிட்டாங்க. 1986-ல நம்ம உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி, பிள்ளைங்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தீர்ப்புல பார்னெட் வழக்கைப் பேசியிருக்கு. இங்கே ஒரு சின்னக் கூட்டத்துக்குக் கிடைச்ச நியாயம் கடல் தாண்டி அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைங்களுக்கு உதவிச்சு.

---

மேரி_பிலடெல்பியா | 19 செப்டம்பர்

நாளைக்குக் கமிட்டி இல்லையா? ஜெபமாலை சொல்றேன் தம்பி.

---

நாசரேத்_தம்பி | 23 செப்டம்பர்

தாமதத்துக்கு மன்னிக்கணும். கமிட்டி கூடிச்சு. போஸ்டர் பேச்சே வரல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்1பி வேலை விசா பத்தி உத்தரவு வந்தது எல்லாருக்கும் தெரியும். ஒரு லட்சம் டாலர் கட்டணம், ஞாயிறு அதிகாலை 12.01-லேர்ந்து அமல்னு. எங்க ஐக்கியத்துப் பையன் ஒருத்தன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தான். கல்யாணம் திங்கட்கிழமை. கம்பெனியிலேர்ந்து மெயில், உடனே திரும்பு, வெளியே மாட்டிக்காதேன்னு. அங்கே அப்போ விடியக்காலம். பந்தல்காரன் வந்து நிக்கிறான், இவன் பெட்டி கட்டறான். டிக்கெட் விலை அவன் கார்டு தாங்கல. எனக்குப் போன் பண்ணான். அவசர நிதியிலேர்ந்து எடுத்துப் போட்டேன், கமிட்டியைக் கேக்காம. பொருளாளர் அப்படிச் செய்யக்கூடாது, தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளை மாளிகை விளக்கம்: புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா இருக்கிறவங்களுக்கு இல்ல. அப்போ அவன் விமானத்துல. ராத்திரி பதினோரு மணி வாக்குல டல்லாஸ்ல இறங்கி போனைத் திறந்ததும்தான் பார்த்திருக்கான். நான்தான் கூட்டிட்டு வரப் போனேன். கார்ல ஒண்ணுமே பேசல. ஒரு தடவை மட்டும், "அம்மா முறுக்கு கட்டிக் கொடுக்க வந்தாங்க, நேரமில்லன்னுட்டேன் அண்ணாச்சி"ன்னான். தாலி கட்டினதை எங்க வீட்டு சோபாவுல உக்காந்து போன்ல பார்த்தான்.

கமிட்டியில அவனுக்காக ஜெபம் பண்ணோம், டிக்கெட் செலவை ஒப்புக்கிட்டாங்க, அசனத்துக்கு ஆட்டுக்கறி யார் வாங்கறதுன்னு பேசினோம், கலைஞ்சோம். போஸ்டருக்கு மும்முரமா இருந்த அண்ணன் தன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தார்.

---

பிரிஸ்கா_ஹூஸ்டன் | 23 செப்டம்பர்

ஐயோ. அந்தப் பையன் அம்மா நம்பர் இருந்தா தனிச்செய்தியில அனுப்புங்க பிரதர், நான் பேசறேன். எங்க சபையிலயும் ரெண்டு பேர் இப்படித்தான் ஓடி வந்தாங்க.

போஸ்டர் விஷயத்துல நான் இன்னும் மாறல. ஆனா எங்க ஞாயிறு பள்ளியில இந்த வாரம் யாத்திராகமம் 20 முழுசா வாசிக்க வெச்சேன், எகிப்துலேர்ந்து அந்நியன் வரைக்கும். முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா விசாவுலதான் இருக்காங்க. ரொம்ப அமைதியாக் கேட்டாங்க.

---

நாசரேத்_தம்பி | 26 செப்டம்பர்

கடைசிச் செய்தி. நாங்க கொடுக்காட்டி என்ன, வேற யாரோ கொடுத்துட்டாங்க. பொண்ணு வகுப்புல நேத்து மாட்டியாச்சு, பென்சில் சீவற மெஷினுக்கு மேல. இவ பென்சில் சீவிக்கிட்டே எண்ணியிருக்கா. டீச்சர்கிட்டப் போய், பத்துன்னு தலைப்பு இருக்கு, பதினொண்ணு இருக்கேன்னு கேட்டாளாம். அந்த அம்மா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டு, "இதுக்கெல்லாம் நான் பதில் சொல்லலாமான்னு எனக்குத் தெரியாது கண்ணு, உங்கப்பாகிட்டக் கேளு"ன்னுட்டாங்களாம்.

---

பழைய_லுத்தரன் | 26 செப்டம்பர்

எந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

---

நாசரேத்_தம்பி | 26 செப்டம்பர்

சி.எஸ்.ஐ. கணக்குதான் ஐயா. வேற எனக்கு என்ன தெரியும்?